காருக்குள் பெட்ரோல் வாடை: பம்பை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

மன்னார்குடி · 2025 அக்டோபர் 4, இரவு 9.40

8 வருஷ ஹேட்ச்பேக். பெட்ரோல், பிஎஸ்4. 71,000 கி.மீ. ஓடியிருக்கு. பத்து நாளா உள்ளே பெட்ரோல் வாடை. காலையில கதவைத் திறந்ததும் லேசா வரும். ஏசி போட்டுக்கிட்டு ரயில்வே கேட்ல நின்னா நல்லாவே வரும். ஓடும்போது இல்லை. தரையில சொட்டு எதுவும் இல்லை, செக் இன்ஜின் விளக்கும் எரியலை, மைலேஜும் குறையலை. ஒர்க்‌ஷாப்ல டேங்கை இறக்கி பம்பை மாத்தணும்னு சொல்றாங்க. பம்ப்தானா? வீட்ல கைக்குழந்தை இருக்கு, தீபாவளிக்கு ஊருக்குப் போகணும்.

கும்பகோணம் · அக்டோபர் 4, இரவு 10.15

பம்பை மாத்தாதீங்க. பம்ப் மாத்தணும்னு சொன்னவர்கிட்ட "எந்த இடத்துல ஈரம் பார்த்தீங்க" என்று மட்டும் கேளுங்க. இடத்தைக் காட்டாம பார்ட் பேர் சொன்னா அது ஊகம்தான்.

எனக்குத் தோணுறது கேனிஸ்டர். பங்க்ல நாசில் தானா கட் ஆன பிறகும் "ரவுண்டா ஆக்கிடுங்க"ன்னு சொல்லி இன்னும் அரை லிட்டர் விடுற பழக்கம் நம்ம பக்கம் எல்லாருக்கும் இருக்கு. டேங்க்ல மேலே இருக்கிற காலி இடம் ஆவிக்கானது. அதுலயும் பெட்ரோலை நிரப்பினா, ஆவி போகிற குழாய் வழியா பெட்ரோலே கேனிஸ்டருக்குள்ள போயிடும். உள்ளே இருக்கிறது ஆவியைப் பிடிச்சு வைக்கிற கரி. அது நனைஞ்சா வாடையை நிறுத்த ஆள் இல்லை.

எப்போ வாடை வருது, எந்தப் பக்கம் வருது, இது ரெண்டையும் எழுதுங்க. அதுவரை வண்டியை வெளியில, திறந்த இடத்துல நிறுத்துங்க. பெட்ரோல் ஆவி காத்தைவிட மூணு நாலு மடங்கு கனம், தரையோட படர்ந்து ஓடும். போர்ட்டிகோவுல விட்டு, பக்கத்துலேயே அடுப்படிக் கதவைத் திறந்து வச்சிருந்தா அது பொல்லாத வேலை.

தஞ்சாவூர் · அக்டோபர் 4, இரவு 10.32

டிக்கியில் கேன் எதுவும் ஏற்றினீர்களா? மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயருக்கு, களை வெட்டும் மெஷினுக்கு என்று ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் வாங்கி வருவது இங்கே சாதாரணம். மூடியோரம் ஒரு கை அளவு வழிந்து ஸ்டெப்னிக்கு அடியில் உள்ள அட்டையில் ஊறினாலே இரண்டு வாரம் நாறும். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஸ்டெப்னியைத் தூக்கி அட்டையை முகர்ந்து பாருங்கள்.

மன்னார்குடி · அக்டோபர் 5, காலை 7.05

கேன் ஏத்தலை. ஸ்டெப்னிக்கு அடியில வாடை இல்லை. டேங்க் ஃபுல் பண்றதும் இல்லை, எப்பவும் 1000 ரூபாய்க்குத்தான் போடுவேன். கடைசியா போட்டு 8 நாள் ஆச்சு, முள் பாதிக்குக் கீழே இருக்கு.

கும்பகோணம் · அக்டோபர் 5, காலை 7.50

அப்படின்னா நேத்து நான் சொன்னது தப்பு. நனைஞ்ச கேனிஸ்டரா இருந்தா டேங்க் நிரப்பின அன்னைக்கும் மறுநாளும்தான் அதிகம் நாறும். நிரப்பின உடனே ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடிக்கும். பாதி டேங்க்ல எட்டாவது நாள் அது பேசாது. முதல் பதிலை விட்டுடுங்க.

இப்போ ஒரு சோதனை, காசில்லாதது. வண்டியைத் திறந்த இடத்துல நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டு, கண்ணாடி எல்லாம் ஏத்திட்டு ஏசி போடுங்க. வெளிக்காத்து வர்ற மாதிரி வச்சு மூணு நிமிஷம். அப்புறம் உள்காத்தே சுத்துற பட்டனை அழுத்தி மூணு நிமிஷம். பட்டனை அழுத்தினதும் வாடை குறைஞ்சா அது பானெட்டுக்குள்ள இருந்து வருது. குறையாம அப்படியே நின்னாலோ ஏறினாலோ அது காருக்குள்ளேயே, பின்சீட்டுக்கு அடியில பம்ப் மூடிப் பக்கம் இல்லைன்னா டிக்கிப் பக்கம்.

காரணம் இதுதான். ஏசிக்கு வெளிக்காத்து வர்ற வாய் வைப்பருக்கு அடியில, கண்ணாடியோட காலடியில இருக்கு. வண்டி நின்னா பானெட்டுக்குள்ள தேங்கின ஆவி சூட்டோட மேலே எழும்பி நேரா அந்த வாய்க்குள்ள போகும். ஓடும்போது எதிர்க்காத்து கீழே தள்ளிட்டுப் போயிடும். கேட்ல நின்னா வருது, ஓடினா இல்லைன்னு நீங்க எழுதினதே பாதி விடை.

மூக்கை நம்பறதுக்கும் ஒரு அளவு உண்டு. ரெண்டு நிமிஷம் முகர்ந்தா மூக்கு மரத்துடும், வாடை போயிடுச்சுன்னு தோணும். நடுவுல வெளியே போய் அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வாங்க. வீட்ல வேற ஒருத்தரை முகரச் சொன்னா இன்னும் நல்லது.

மன்னார்குடி · அக்டோபர் 5, மாலை 6.20

பட்டனை அழுத்தினா நல்லா குறையுது. மூணு தடவை பார்த்தாச்சு. அப்போ பானெட்.

நாகப்பட்டினம் · அக்டோபர் 5, இரவு 8.10

பானெட்டைத் திறப்பதற்கு முன் சில விஷயங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மணி நேரம். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆனால் பானெட்டைத் திறந்ததுமே எங்காவது ஈரமோ கடுமையான வாடையோ இருந்தால் அந்த முனையை உடனே தொடாதீர்கள். பானெட்டைத் திறந்தபடி பதினைந்து நிமிடம் காற்றாட விட்டபின் கழற்றுங்கள், முனையில் ஒரு சின்னப் பொறி தெறித்தாலும் போதும். கண்ணாடி பல்பு மாட்டிய கை விளக்கு வேண்டவே வேண்டாம். அது கீழே விழுந்து உடைந்தால் உள்ளே இருக்கும் இழை அந்தக் கணம் சிவந்துதான் இருக்கும். எல்இடி டார்ச் போதும், அதையும் தூரத்திலேயே எரியவிட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பக்கத்தில் உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று, குறைந்தது 1 கிலோ. இல்லையென்றால் இரண்டு வாளி காய்ந்த மணல். தண்ணீர் உதவாது, எரியும் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும்.

எங்காவது திரவமாகவே சொட்டினால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஓட்டியும் போகாதீர்கள். ஏற்றிக்கொண்டு போக வண்டி கூப்பிடுங்கள்.

கும்பகோணம் · அக்டோபர் 5, இரவு 9.30

நாகைக்காரர் சொன்னதை அப்படியே செய்யுங்க. இப்போ எதைத் தேடணும்னு சொல்றேன்.

பானெட்டுக்குள்ள பெட்ரோல் ரெண்டு வடிவத்துல இருக்கும். ஒன்னு அழுத்தத்துல இருக்கிற திரவம்: டேங்க்ல இருந்து வர்ற லைன், இன்ஜினுக்குள்ள பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டர், அதுக்கெல்லாம் பெட்ரோலைப் பிரிச்சு விடுற குழாயான ஃபியூயல் ரயில். சாவி போட்டதும் 3 முதல் 4 பார் வரை ஏறும். இதுல ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் பீச்சும். கண்ணுக்குத் தெரியும், வாடையும் தாங்காது. இன்னொன்னு வெறும் ஆவி: கேனிஸ்டர்ல இருந்து பர்ஜ் வால்வு (அந்த ஆவியை இன்ஜினுக்குத் திறந்து விடுற வால்வு) வரைக்கும் வர்ற ஹோஸ், அங்கிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) போற ஹோஸ்.

ஆவி ஹோஸ்லேயும் ரெண்டு பக்கம் இருக்கு. வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல கிழிஞ்சா இன்ஜின் அது வழியா காத்தை உறிஞ்சும். ஐடிலிங் ஆடும், ரொம்ப கிழிஞ்சிருந்தா செக் விளக்கும் எரியும். வால்வுக்கும் கேனிஸ்டருக்கும் நடுவுல கிழிஞ்சா இன்ஜினுக்குச் சேதி போகாது. ஓட்டம் மாறாது, மைலேஜ் குறையாது, விளக்கு எரியாது. வாடை மட்டும் வரும். டேங்க்ல கிளம்புற ஆவி கரியைத் தாண்டிப் போகாம, அந்த ஓட்டை வழியா குறுக்கே வெளியே வந்துடும்.

உங்க அறிகுறி எல்லாம் இந்தக் கடைசி ஹோஸ்மேலதான் போய் நிக்குது. இன்ஜினுக்குப் பின்னால, கேபின் சுவரோட ஓடுற மெல்லிய கறுப்பு ஹோஸைத் தேடுங்க. நீளம் முழுக்க விரலால தடவிப் பாருங்க. மேலே நல்லா இருக்கும், அடிப்பக்கம்தான் போயிருக்கும். கண்ணாடித் துண்டு ஒன்னு அடியில பிடிச்சுப் பாருங்க.

இன்ஜெக்டரையும் விட்டுடாதீங்க. குட்டிக்குரா மாதிரி ஏதாவது டால்கம் பவுடரை ஒவ்வொரு இன்ஜெக்டரோட மேல் கழுத்துலயும் மெல்லிசா தூவுங்க. பேட்டரியை மாட்டி, சாவியை ஆன்ல மட்டும் ரெண்டு தடவை வச்சு எடுங்க, ஸ்டார்ட் வேண்டாம். பத்து நிமிஷம் கழிச்சுப் பவுடர் வளையமா நனைஞ்சிருந்தா அந்த ஓ-ரிங் (கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) போச்சு.

மயிலாடுதுறை · அக்டோபர் 5, இரவு 10.05

இன்னொரு வழி உண்டு. டேங்க் மூடிப் பக்கமாகக் கம்ப்ரசர் காற்றைக் கொடுத்து, ஹோஸ் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும்.

நாகப்பட்டினம் · அக்டோபர் 5, இரவு 10.20

அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் 6 முதல் 8 பார் இருக்கும். டேங்க் தாங்குவது அதில் மிகச் சிறிய பங்குதான், உப்பி இணைப்பில் பிளந்துவிடும். பெட்ரோல் ஆவியோடு காற்றைக் கலப்பதே தீக்கு வேண்டிய கலவையைத் தயாரிப்பதுதான். காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் ஆவி இருந்தால் பற்றிக்கொள்ளும்.

ஆபத்தில்லாத வேறு வழி இருக்கிறது. புகைச் சான்று கொடுக்கும் மையத்தில் உள்ள பெட்ரோல் கருவி ஹைட்ரோகார்பனை பிபிஎம் கணக்கில் காட்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, அதன் குழாய் முனையை ஹோஸ் ஓரமாக மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். கசியும் இடத்தில் எண் சட்டென்று எகிறும். திரவத்தில் மட்டும் முனை படக் கூடாது, கருவி கெட்டுவிடும்.

மயிலாடுதுறை · அக்டோபர் 5, இரவு 10.41

சரி, கம்ப்ரசர் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். கழற்றி வெளியே எடுத்த ஹோஸை ஒரு முனை அடைத்து, தண்ணீரில் முக்கி, சைக்கிள் பம்பால் இலேசாக அடித்துப் பார்ப்பதற்கு மட்டும் அது சரி.

மன்னார்குடி · அக்டோபர் 6, காலை 11.30

கிடைச்சிடுச்சு. கேபின் சுவரோட ஓடுற ஹோஸ்ல, அடிப்பக்கம், மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் சின்னச் சின்னதா ரெண்டு ரெண்டு கீறல். பக்கத்துல இன்ஜின் மேல இருக்கிற பஞ்சுத் தகட்டைக் குடைஞ்சு வச்சிருக்கு. உள்ளே வைக்கோல் துண்டு, நெல் உமி, ஒரு கைப்பிடி. பவுடர் சோதனையில இன்ஜெக்டர் நாலும் காஞ்சே இருக்கு.

திருவாரூர் · அக்டோபர் 6, பகல் 12.10

எலி. குறுவை அறுப்பு நடக்கிற நேரம் இது. மெஷின் வயலில் இறங்கினதும் வரப்பு எலி எல்லாம் வீட்டுப் பக்கம் கிளம்பும். ராத்திரி முழுக்க வெதுவெதுன்னு இருக்கிற பானெட்டைவிட அதுக்கு நல்ல வளை கிடையாது. தை மாசம் சம்பா அறுப்புல மறுபடி இதே கதைதான் வரும்.

கீறல் ரெண்டு ரெண்டா இருந்தா பல். ஹோஸ் தானா வெடிச்சதுன்னா வெடிப்பு வளைவோட வெளிப்பக்கம் நீளவாட்டில் ஓடும், ரப்பர் காஞ்சு கடினமா இருக்கும்.

கும்பகோணம் · அக்டோபர் 6, பகல் 1.00

டேப் சுத்தாதீங்க, எம்-சீல் வைக்காதீங்க, சிலிக்கான் சீலன்ட் தடவாதீங்க. சாதாரண சிலிக்கான் பெட்ரோல் ஆவியிலேயே ஊதி உரிஞ்சு வந்துடும்.

ஓட்டை இருக்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் விட்டு வெட்டி எடுங்க. அந்தத் துண்டைக் கையில கொண்டுபோய், உள் விட்டம் சரியா பொருந்துறதை வாங்குங்க. பெரும்பாலும் 6 அல்லது 8 மி.மீ. வரும், ஆனா கண்ணால மதிப்புப் போட்டு வாங்காதீங்க. முடிஞ்சா ஒட்டுப் போடாம முழு ஹோஸையே மாத்துங்க. நடுவுல ஒட்டு வச்சா ரெண்டு கிளாம்ப் கூடுது, நாளைக்கு அந்த ரெண்டும் கசியும் இடம்தான். பைப்ல குறைஞ்சது 25 மி.மீ. உள்ளே ஏறணும். கிளாம்ப், பைப்போட புடைப்புக்கு அந்தப் பக்கம், ஹோஸ் நுனியில இருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி உட்காரணும். புடைப்பு மேலேயே கிளாம்ப் போட்டா ரப்பரை வெட்டிடும்.

பேட்டரி நெகட்டிவ் கழட்டியே இருக்கட்டும். ஹோஸை உருவும்போது கொஞ்சம் ஆவி வரும், அது போகட்டும்னு அஞ்சு நிமிஷம் நில்லுங்க.

தஞ்சாவூர் · அக்டோபர் 6, மாலை 5.15

ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்ற தரக் குறி இருந்தால் பெட்ரோலுக்குப் போதும், எல்லா இடத்துக்கும் அதையே போடலாம். கூலன்ட் ஹோஸையோ, மீன் தொட்டிக்குப் போடும் தெளிவான பிவிசி குழாயையோ போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். பிவிசி பெட்ரோல் பட்டு ஆறே மாதத்தில் குச்சி போல விறைத்துவிடும்.

நாகப்பட்டினம் · அக்டோபர் 6, இரவு 8.45

ஒரு திருத்தம். ஆர்7 ஆவி ஹோஸுக்கும், கார்புரேட்டர் காலத்து குறைந்த அழுத்த லைனுக்கும் மட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் அழுத்த லைனில் ரப்பர் ஹோஸ் வரும் இடத்துக்கு ஆர்9. டேங்க்குக்குள்ளே பெட்ரோலில் முழுகிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்10. ஆர்7, ஆர்9 இரண்டும் உள்பக்கம் பெட்ரோல் பட்டால் தாங்கும், வெளிப்பக்கமும் ஊறினால் தாங்காது.

இன்னொன்று: பட்டன் மாதிரி கிளிப் உள்ள, பிளாஸ்டிக் குழாயாக வரும் அழுத்த லைனை எலி கடித்தால் வெட்டி ரப்பர் சொருகிக் கிளாம்ப் போடக் கூடாது. வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் கிளாம்ப் பிடிக்காது, 3 பாருக்கு மேல் ஒரு நாள் பிடுங்கிக்கொண்டு சூடான சைலன்சர் மேனிஃபோல்டில் கொட்டும். அந்த லைன் முழுசாகவே மாற வேண்டும். அதைக் கழற்றும் முன் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ உருவிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு அது தானே நிற்கும்வரை காத்திருங்கள். அப்புறம் மூன்று வினாடி செல்ஃப் அடித்தால் லைனில் அழுத்தம் இறங்கிவிடும்.

கும்பகோணம் · அக்டோபர் 6, இரவு 9.20

இதையும் சொல்லிடறேன். ஹோஸை மாத்தின அன்னைக்கே வாடை முழுசா நிக்கலைன்னா பயப்படாதீங்க. இத்தனை நாள் கரி சரியா காயலை, அதுல பிடிச்சு வச்ச ஆவி நிறைய இருக்கும். இன்ஜின் சூடாகி ஓடும்போதுதான் பர்ஜ் வால்வு திறந்து அதை உறிஞ்சும். வெளியூர் ரோட்டுல 50 கி.மீ. ஒரே ஓட்டமா ஓட்டினா கரி காஞ்சு பழைய நிலைக்கு வரும்.

கையோட பர்ஜ் வால்வையும் பார்த்துடுங்க. ப்ளக்கைக் கழட்டிட்டு வாயால ஊதினா காத்து போகக் கூடாது. 12 வோல்ட் கொடுத்தா "டிக்" சத்தத்தோட திறந்து காத்து போகணும். மின்சாரம் இல்லாமலே காத்து போனா வால்வு திறந்தே மாட்டியிருக்கு, மாத்தணும். ஊதுறதை வண்டியை விட்டுத் தள்ளி எடுத்துட்டு வந்து செய்யுங்க, வாய்க்கும் வால்வுக்கும் நடுவுல சுத்தமான சின்ன டியூப் வச்சுக்குங்க.

மன்னார்குடி · அக்டோபர் 8, இரவு 7.30

முழு ஹோஸும் மாத்தியாச்சு. ஹோஸ், ரெண்டு கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். வால்வு சரியா வேலை செய்யுது. திருச்சி வரை போய் வந்ததுல வாடை சுத்தமா நின்னுடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

திருவாரூர் · அக்டோபர் 8, இரவு 8.00

எலி அதே பாதையில திரும்ப வரும். பழைய கூட்டை ஒரு உமிகூட விடாம எடுத்துப் போட்டுட்டு, அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீர்த் துணியால துடைங்க. மூத்திர வாடை இருக்கிறவரை அது தன் வீடுன்னே நினைக்கும். விஷம் வைக்காதீங்க, பானெட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தா அது பெட்ரோல் வாடையைவிட மோசம். எலி சுவரோரமாத்தான் ஓடும், நடுவுல ஓடாது. வயல்ல வைக்கிற தஞ்சாவூர் கிட்டி எலிப்பொறியை ஷெட் சுவரோரமா வச்சாலே போதும். புது ஹோஸ் மேல மெல்லிய ஸ்டீல் வலையைச் சுருட்டிக் கட்டுங்க, வலை பேட்டரி முனை, ஸ்டார்ட்டர் ஒயர் எதையும் தொடாம பார்த்துக்குங்க.

புகையிலைக் கட்டு தொங்க விடுறவங்க உண்டு. சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கம் விழுந்தா அதுவே விறகு. நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

மன்னார்குடி · அக்டோபர் 12, காலை 6.50

நேத்து தீபாவளிப் பயணத்துக்காக முதல் தடவையா டேங்க் ஃபுல் பண்ணேன், ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தியாச்சு. ராத்திரி மறுபடியும் வாடை! ஆனா இந்தத் தடவை காருக்குள்ள இல்லை. வெளியில, பின் சக்கரத்துப் பக்கம். ஹோஸ் கழண்டுடுச்சா?

கும்பகோணம் · அக்டோபர் 12, காலை 7.15

முன்னாடி இருக்கிற ஹோஸ் கழண்டா பின் சக்கரத்துல நாறாது. இது வேற கசிவு. பாதி டேங்க்ல ஓட்டினதால இத்தனை நாள் வெளியே தெரியலை. நாகைக்காரர்தான் இதுக்கு ஆள்.

நாகப்பட்டினம் · அக்டோபர் 12, காலை 8.30

பெட்ரோல் மூடி இருக்கும் பக்கத்துப் பின்சக்கரமா? அப்படியானால் நிரப்பும் குழாய். மூடிக்கும் டேங்க்குக்கும் நடுவில் ஒரு பெரிய குழாயும், பக்கத்திலேயே காற்று திரும்பி வரும் மெல்லிய ஒன்றும் போகும். டேங்க் முனையில் இரண்டும் ரப்பர் ஹோஸால் இணைந்திருக்கும். டேங்க் பாதியில் இருக்கும்போது அங்கே திரவம் எட்டாது. ஃபுல்லாக இருக்கும்போது பெட்ரோல் அந்த இணைப்புவரை நிற்கும், வளைவில் திரும்பினால் அலையடிக்கும். ராத்திரி நிறுத்திய இடத்தில் வெயில் பட்டால் இன்னும் ஏறும்: 35 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடானால் சுமார் அரை லிட்டர் பெருகும்.

டெல்டாவில் இந்த இணைப்பு சீக்கிரம் போவதற்குக் காரணம் சேறு. டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவரும் களிமண், ரோட்டில் காயப்போட்ட வைக்கோல், இரண்டும் சக்கர வளைவுக்குள் ஏறி பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் அப்பிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது காயவே காயாது. கிளாம்ப் துருப்பிடித்துத் தானே நெகிழும். வேளாங்கண்ணி, தரங்கம்பாடி மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்தால் இரும்புக் குழாயே ஊசி ஓட்டை விழுந்து அரிக்கும்.

பார்க்கும் முறை: சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை எடுங்கள், ஐந்தாறு கிளிப், இரண்டு மூன்று ஸ்க்ரூ. சேற்றை மரக் குச்சியால் சுரண்டி எடுங்கள், கம்பி பிரஷ் வேண்டாம், பொறி வரும். கசிந்த இடத்தில் தூசி ஒட்டாமல் கழுவினாற்போல் சுத்தமாக இருக்கும், அல்லது கறுப்பாக ஈரக் கறை படிந்திருக்கும்.

கழற்றி மாற்றுவது என்றால், திரவமாகச் சொட்டவில்லையென்றால் மட்டும், முதலில் டேங்க்கை ஓட்டியே பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள். டியூப் வைத்து வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள், ஒரு வாய் நுரையீரலுக்குப் போனால் ஆஸ்பத்திரிதான்.

மன்னார்குடி · அக்டோபர் 12, மாலை 4.40

அதே பக்கம்தான். தகட்டுக்குப் பின்னாடி அரைக்கூடை சேறு. பெரிய ஹோஸ் நல்லா இருக்கு. மெல்லிய ஹோஸோட கிளாம்ப் துருவுல ரெண்டா உடைஞ்சு தொங்குது. அதுக்குக் கீழே கை அகலத்துக்கு மட்டும் சுத்தமா, கழுவின மாதிரி.

நாகப்பட்டினம் · அக்டோபர் 12, மாலை 5.30

அந்தச் சுத்தமான இடம்தான் சாட்சி. மெல்லிய ஹோஸையும் மாற்றுங்கள். கிளாம்ப் உடைந்த இடத்தில் துரு, ரப்பரைக் கடித்திருக்கும். கிளாம்ப் முழுக்க ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும், பட்டி மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்து ஸ்க்ரூ சாதா இரும்பாக இருப்பதும் கடையில் உண்டு. காந்தம் வைத்துப் பார்த்தால் ஸ்க்ரூ ஒட்டிக்கொள்ளும். பெரிய ஹோஸின் இரண்டு கிளாம்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் மூடியும் புதிது.

தஞ்சாவூர் · அக்டோபர் 13, காலை 9.00

இடையில் ஒரு கேள்வி. இதெல்லாம் ஈ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலால் வந்தது என்று எங்கள் பக்கம் பேச்சாக இருக்கிறது.

நாகப்பட்டினம் · அக்டோபர் 13, இரவு 9.10

இந்த வண்டியில் ஒரு கசிவு எலி, இன்னொன்று துரு. அதற்கு எத்தனால் காரணமில்லை. ஆனால் கேள்வி சரியானது. 2023க்கு முன் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் ரப்பர் பாகங்கள் 10 சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை. 20 சதவீதத்தில் பொருந்தாத ரப்பர் ஊதும், அல்லது சத்து இழந்து விறைக்கும். எனவே பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியில் ஹோஸையும் ஓ-ரிங்கையும் வருஷம் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். மாற்றும்போது ஓ-ரிங் எஃப்கேஎம் ரப்பரில் கேளுங்கள், வைட்டான் என்றால் கடையில் புரியும். பிரேக் பாகங்களில் வரும் இபிடிஎம் ஓ-ரிங் அளவு பொருந்தினாலும் போடாதீர்கள், பெட்ரோலில் இரண்டே நாளில் வடை போல உப்பிவிடும். மாட்டும்போது ஒரு துளி சுத்தமான இன்ஜின் ஆயில் தடவுங்கள். காய்ந்தபடி அழுத்தினால் ஓரம் கீறிப் போகும்.

மயிலாடுதுறை · அக்டோபர் 13, இரவு 9.50

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு: வாடை வந்தால் முதலில் மிதவையும் ஊசி வால்வும். ஊசியின் நுனியில் வளையமாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் பெட்ரோல் நிற்காமல் ஏறி வழியும். அடுத்தது இன்ஜினில் மாட்டிய மெக்கானிக்கல் பம்ப். அதன் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து, தண்ணீர் போல நீர்த்தும் இருந்தால், ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை மாற்றுங்கள்.

நடுவழியில் இரும்பு டேங்க்கில் ஊசி ஓட்டை என்றால் காய்ந்த துணி சோப்புக் கட்டியை அழுத்தித் தேய்த்தால் சில மணி நேரம் நிற்கும். பெட்ரோலில் சோப்பு கரையாது. பிளாஸ்டிக் டேங்க்குக்கு இது பயன்படாது. இரும்பு டேங்க்கை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவது மட்டும் கூடவே கூடாது. காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி.

மன்னார்குடி · அக்டோபர் 17, இரவு 8.15

மெல்லிய ஹோஸும் நாலு கிளாம்பும் மாத்தியாச்சு. மறுபடி ஃபுல் பண்ணி, மூடிப் பக்கம் தாழ்வா இருக்கிற சரிவுல ராத்திரி நிறுத்தி, அடியில அட்டை விரிச்சு வச்சேன். காலையில அட்டை காஞ்சிருக்கு. வாடை இல்லை. பின்சீட்டு மிதியடியில மட்டும் பழைய வாடை லேசா நிக்குது.

தஞ்சாவூர் · அக்டோபர் 17, இரவு 8.50

மிதியடியைக் கழற்றி, ஆப்ப சோடாவைக் கெட்டியாகத் தூவி ஒரு ராத்திரி விட்டு, காலையில் உதறிவிட்டு, பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் இரண்டு நாள். காருக்குள் நான்கைந்து அடுப்புக்கரித் துண்டை ஒரு தட்டில் வைத்துப் பின்சீட்டுக்கு அடியில் விடுங்கள். ஈரம் இருக்கும்போது வேக்வம் கிளீனர் வேண்டாம், அதன் மோட்டார் பொறி தட்டும். வாசனை டப்பா தொங்க விடாதீர்கள், அடுத்த கசிவை மூக்கு கண்டுபிடிக்காமல் போகும்.

கும்பகோணம் · அக்டோபர் 18, காலை 6.30

20ஆம் தேதி தீபாவளி. வண்டி சரியானாலும் வெடி வைக்கிற தெருவுல நிறுத்தாதீங்க. முக்கியமா பெட்ரோல் மூடி இருக்கிற பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும். கார்த்திகை வந்தா போர்ட்டிகோ படியில அகல் வரிசையா வைப்போம், அன்னைக்குக் காரை வாசலுக்கு வெளியே எடுத்துடுங்க. ஆவி தரையோட ஓடும்னு முதல் நாளே எழுதினேன். அகலும் தரையிலதான் இருக்கு.

ரோட்டுல வைக்கோல் காயப் போட்டிருந்தா மேல ஏத்தாம சுத்திப் போங்க. முடியாம ஏத்தினா அடுத்த ஊர்ல நிறுத்தி அடியில பாருங்க. சைலன்சர்ல சுத்தின வைக்கோலை, சூடு ஆறின பிறகு கைப்பிடி நீளமா இருக்கிற கொக்கியால இழுத்து எடுங்க.

மன்னார்குடி · நவம்பர் 2, மாலை 5.05

ஊருக்குப் போய் வந்தாச்சு. 420 கி.மீ., ரெண்டு தடவை ஃபுல். மழையில ஓடிச்சு, வெயில்ல நின்னுச்சு. உள்ளேயும் வெளியேயும் வாடை இல்லை. குழந்தை பின்சீட்டுலதான் தூங்கிட்டு வந்தான். புது கிளாம்ப் எல்லாத்தையும் நேத்து இறுக்கிப் பார்த்தேன், முன்னாடி இருக்கிறது அரைச் சுத்து கூட ஏறுச்சு.

கும்பகோணம் · நவம்பர் 2, மாலை 6.20

புது ரப்பர் சூட்டுல கொஞ்சம் அமுங்கும், அதான் அரைச் சுத்து. இதோட விட்டுடுங்க, இனிமே இறுக்கினா ஹோஸை வெட்டும். சம்பா அறுப்புக்கு முன்னாடி, மார்கழிக் கடைசியில, பானெட்டைத் திறந்து அந்த வலை மட்டும் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க.